ஒரே ஒருவருக்காக ஒரு சட்டம்

மிச்சிகன்,
ஞாயிறு காலை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் நலம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

ராணுவத்தில் நம்மோடு வண்டி ஓட்டியவனின் மனைவிக்கு மனு மறுபடியும் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து மனசே சரியில்லை. லீவில் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்தான். தேதிக்குத் திரும்பவில்லை. 'ஓடிப்போனவன்' என்று ஏட்டில் ஏறியது. அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஒரு வரி அப்படியே நிற்கிறது.

இந்த நினைப்பில் இருந்தபோதுதான் சாரா எம்மா எட்மண்ட்ஸ் என்பவரைப் பற்றிப் படித்தேன். கனடாவில் பிறந்தவர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், ஃபிராங்க்ளின் தாம்சன் என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டு இரண்டாம் மிச்சிகன் காலாட்படையில் சேர்ந்திருக்கிறார். காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார், படைக்குத் தபால் சுமந்தார். 1863இல் மலேரியா. ஆஸ்பத்திரியில் படுத்தால் பெண் என்று தெரிந்துவிடுமே! முகாமை விட்டே போய்விட்டார். ஏட்டில் அவரும் ஓடிப்போனவர்தான்.

இருபது வருஷம் கழித்துப் பென்ஷன் கேட்டார். கூட இருந்த சிப்பாய்கள் அவருக்காகச் சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். யோசித்துப் பார், அத்தனை காலம் ஆணென்று நம்பியிருந்த தோழர்கள்! யாரும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. 1884இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவர் ஒருவருக்காகவே சட்டம் போட்டு மாதம் 12 டாலர் கொடுத்தது. 1886இல் இன்னொரு சட்டம் அந்த ஓடிப்போன பழியையும் நீக்கியது.

இப்படித் தனிநபர் சட்டங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். இன்ன படையில் இருந்த இன்னார் இனிமேல் கௌரவமாக விடுவிக்கப்பட்டவராகவே கருதப்பட வேண்டும் என்று எழுதுவார்கள். பழைய பாக்கி கிடையாது என்று கீழே ஒரு நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். அடிமைகளை மீட்ட ஹேரியட் டப்மனுக்குக்கூட 1899இல் தனிச் சட்டம்தான். ஒரு சிப்பாயின் விதவை என்று 8 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 20 டாலராக உயர்த்தினார்கள். போரில் ஒற்றராகவும் வேலை செய்தவருக்கு அவ்வளவுதான்.

ஜனாதிபதி கிளீவ்லாந்து தன் முதல் ஆட்சிக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பென்ஷன் மசோதாக்களைத் தள்ளுபடி செய்தார். பொய்க் கணக்குகளும் உள்ளே புகுந்திருந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. தனக்காகப் பேச ஒரு உறுப்பினர் கிடைத்தவருக்குத்தான் சட்டம். கிடைக்காதவர்? 1946இல் காங்கிரஸ் இந்த வாசலை அடைத்து, ராணுவ ஏடுகளைத் திருத்தச் சிவிலியன்கள் கொண்ட வாரியங்களை அமைக்க வழி செய்தது. அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அப்புறம் பிரவுன்ஸ்வில். 1906இல் டெக்சாஸின் அந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பழியைக் கறுப்பினச் சிப்பாய்கள் மேல் போட்டு, விசாரணை மன்றமே இல்லாமல் அவர்களில் 167 பேரை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் படையிலிருந்து வெளியே அனுப்பினார். 1972இல்தான் ராணுவம் அதை மாற்றிக் கௌரவ விடுவிப்பு கொடுத்தது. அதற்குள் அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள். அந்தச் சிப்பாய்களில் ஒருவரான, மினியாபோலிஸில் பல்லாண்டுகள் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்த டோர்சி வில்லிஸ் மட்டும் எண்பது வயதுக்கு மேல் 25,000 டாலர் பெற்றார். அதற்கும் காங்கிரஸ் சட்டம் போட வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை போன மனுக்களில் அவன் மனைவி சொன்னது மட்டும்தானே இருக்கிறது? நீயும் நானும் ஒரு வரி எழுதித் தரவில்லை. வேலை நேரத்தில் அவன் எப்படிப்பட்டவன் என்று நேரில் பார்த்தவர்கள் நாம். காய்ச்சலில் கிடந்தபோது பார்த்த ஊர் வைத்தியரின் சீட்டு ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று அவன் மனைவியிடம் கேட்டு வை. நான் ஜூன் முதல் வாரம் ஊருக்கு வந்துவிடுவேன். வந்த மறுநாளே நோட்டரியிடம் போவோம்.

உன்
சேகர்