ஒரு பல் கூடினால் மைலேஜ் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் சிக்கனம் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட குறிப்பில், 'பைக்கின் முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் கூட்டிப் போட்டால் மைலேஜ் கூடும்' என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி யாராவது கடைக்குக் கிளம்பும் முன் இதை எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் இதையே சொல்லி என் வண்டியிலும் மாட்டிவிட்டார்கள்.

எனக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. தோட்டம் பள்ளத்தில், ரோடு மேட்டில். தினமும் இரண்டு கேன் ரப்பர் பாலைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் ஏற வேண்டும். வண்டி 100 சிசி, நாலு கியர். முன்னால் 14 பல், பின்னால் 42. அதாவது முன் பல்சக்கரம் மூன்று சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. முன்னால் 15 போட்டதும் அந்த மூன்று 2.8 ஆனது. அது குறைந்தால் இழுவையும் குறையும். கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் முதல் நாளே பாதி மேட்டில் வண்டி திணறி நின்றுவிட்டது. கிளட்சைப் பாதி பிடித்து, இன்ஜினை அலறவிட்டு ஏற்றினேன். தினமும் அதே கதை. நாலாவது மாதம் கிளட்ச் பிளேட் கருகிப்போனது.

சரி, மேடு வேண்டாம், தேசிய நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம் வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும்போது முப்பந்தல், ஆரல்வாய்மொழியில் அடிக்கும் எதிர்காற்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். 14 பல்லில் டாப் கியரிலேயே தம் பிடித்து வந்த வண்டி, 15-ல் இழுக்கவில்லை. மூன்றாம் கியருக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரை முறுக்கியே வந்தேன். மிச்சமாகும் என்ற பெட்ரோல் அங்கேயே போயிற்று.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக் பையன்தான் பழையபடி 14 போட்டுத் தந்தான். "அண்ணே, நமக்கு ஸ்பீடு எதுக்கு? ஏறணும், அவ்வளவுதான் கேட்டியளா" என்றான். மலையிலேயே ஓட்டுகிறவர்கள் 13-ம் போடுவார்களாம். முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டி 45 போடுவதும் இழுவையில் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் சின்னச் சக்கரத்தில் செயின் அதிகம் மடங்குவதால் சீக்கிரம் தேயும். பின்னால் பெரிதாகப் போட்டால் செயினில் கண்ணி சேர்க்க வேண்டிவரும். எதை மாற்றினாலும், பழைய செயின் தேய்ந்திருந்தால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பல்லையும் அது தின்றுவிடும்.

இன்னொன்று. முன்சக்கரத்திலிருந்து கேபிள் வரும் பழைய வண்டிகளில் ஸ்பீடாமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியில் 14-க்குப் பதில் 15 போட்டால், மீட்டர் 50 காட்டும்போது வண்டி 53-ஐத் தாண்டியிருக்கும்.

நாகர்கோவிலில் தனி ஆளாக ஆபீசுக்குப் போய்வருகிறவருக்கு உங்கள் யோசனை பலிக்கலாம். எனவே அடுத்த முறை அதை வெளியிடும்போது 'பாரம் ஏற்றாமல், சமதளத்தில் ஓட்டுகிறவர்களுக்கு' என்று நாலு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்