பந்து வருவதற்கு முன்னால்

வியாசர்பாடி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. திருப்பூரில் ஆள் கிடைக்காமல் திண்டாடுவதாக எழுதியிருந்தாய். ஊருக்குப் போனவர்கள் திரும்பிவிட்டால் சரியாகிவிடும், கவலைப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் இந்த வருஷம் பத்தாவது. பெருமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அன்றைக்கு கிரவுண்டுக்கு வர முடியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். காலேஜ் கால்பந்து டீமில் அப்படி ஆடினவன் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்து கோன் வைத்துக்கொண்டிருக்கிறாயே, அலுக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். அலுக்கவில்லை மச்சான். ஆடுவதைவிட இது கஷ்டம். ஆனால் ஆட்டம் எனக்கு முழுசாகப் புரிவது இப்போதுதான்.

நமக்கு யாரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. பந்து வரும், கால் தானாகப் போகும். இப்போது ஒரு பத்து வயதுப் பெண் வந்து நின்று, "சார், எனக்கு பாஸ் வந்தாலே பின்னாலேர்ந்து வந்து புடுங்கிடுறாங்க" என்கிறாள். நம் காலுக்குத் தெரிந்ததை இவளுக்கு வாயால் சொல்ல வேண்டும். ஓரமாக நின்று கவனித்தேன். பந்தையே பார்த்துக்கொண்டு நேராக நிற்கிறாள், பந்து வரும் பக்கத்துக் காலில் வாங்குகிறாள், முதுகுக்குப் பின்னால் யார் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. பாஸ் கிளம்புவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார், அப்புறம் கொஞ்சம் ஒருக்களித்து நில், பந்தைத் தூரத்துக் காலில் வாங்கு என்று சொன்னேன். சொன்னால் மட்டும் வருமா? அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு விரல்களைக் காட்டுவேன். பந்து உருண்டு வருவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று அவள் கத்த வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். ஒருநாள் நாலுக்கு நாலு ஆடும்போது தூரத்துக் காலில் வாங்கி, அதே தொடுதலில் திரும்பிவிட்டாள். பிடிக்க வந்த பையன் அவளைத் தாண்டி ஓடிப்போனான். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை, அடுத்த பாஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் மச்சான், நாமே கோல் போட்டால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பத்து வயசுப் பிள்ளைகளுக்குக் கோப்பை கோப்பை என்று அலைவது எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பை வேண்டுமென்றால் உயரமான பையனை டிஃபன்ஸில் நிறுத்தி, பந்தைத் தூரமாக உதைக்கச் சொன்னால் போதும். ஆனால் பதினாறு வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள், அப்போது அவனுக்கு உதைப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. குட்டையாக இருந்தவனோ வாய்ப்பே கிடைக்காமல் நின்றுபோயிருப்பான். அதனால்தான் நாலுக்கு நாலு வைக்கிறேன். எல்லோர் காலிலும் பந்து படும், ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

சைமன் சுந்தர்ராஜைப் பற்றிப் பசங்களிடம் அடிக்கடி சொல்கிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் அவரும் இருந்தார். அதற்குப் பிறகு நம் அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. எனக்குப் பெரிசாகப் படுவது அதற்கப்புறம் அவர் செய்ததுதான். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியைக் கேரளா 1973-இல் முதன்முதலாக வென்றதே, ரயில்வேயை 3-2 என்று, அந்த அணிக்கு கோச் அவர். மூன்று கோலையும் போட்ட கேப்டன் மணியை எல்லோருக்கும் தெரியும். அந்த அணியைத் தயார் செய்தவர் பேரைக் கேட்டால் இங்கே பல பேருக்குத் தெரியாது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பசங்களுக்கு 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்காக நந்தகுமார் போட்ட ஒரே கோல்தான் எல்லாம். சென்னைப் பையன் அந்த இரண்டு கொல்கத்தா கிளப்புகளும் மோதும் டெர்பியை ஜெயித்துக் கொடுத்திருக்கிறான் என்றால் சும்மாவா! வலது ஓரத்தில் பந்து கிடைத்தால் இப்போது எல்லோரும் உள்ளே வெட்டி இடது காலால் அடிக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை ஒன்பதாவது படிக்கும் பசங்கதான். திடீரென்று ஒருவன் வராமல் போவான். விசாரித்தால் டெலிவரிக்கோ மூட்டை ஏற்றவோ போயிருப்பான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசுவேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும், எனக்கும் உங்க தெரு ஆள் ஒருத்தனுக்கும் அப்படித்தான் கிடைத்தது என்று உன் பேரைச் சொல்வேன். சிலர் திரும்பி வருகிறார்கள். வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிரவுண்ட் ஓரமாக வந்து நின்று பார்க்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டு ஆடவிடுகிறேன்.

கோச்சுக்கான டி லைசென்ஸ் இருக்கிறது, அடுத்து சி லைசென்ஸுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பள்ளிக்கூடத்தில் பி.டி. வேலை, அதில்தான் குடும்பம் ஓடுகிறது.

உன் முட்டி எப்படி இருக்கிறது? ஆடாவிட்டாலும் நடப்பதை நிறுத்தாதே. உன் பையனுக்குச் சின்னதாகிப்போன ஸ்டட்ஸ் ஷூ ஏதாவது இருந்தால் தூக்கிப் போடாமல் பார்சலில் அனுப்பு. மூணாம் நம்பர், நாலாம் நம்பர் கால்களுக்குத்தான் இங்கே தட்டுப்பாடு.

அன்புடன்,
உன் லெஃப்ட் விங்