பின்னட்டையில் இருந்த பெயர்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய இசையைக் கேட்கத் தொடங்குவோருக்கென்று பழைய ஜாஸ், புளூஸ், ராக் ஆல்பங்களின் பட்டியல் ஒன்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியாகியிருந்தது. தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆல்பத்துக்கும் முகப்பில் உள்ள கலைஞரின் பெயரும் வெளியான ஆண்டும் மட்டுமே தரப்பட்டு, உடன் வாசித்தவர்கள் யார், பாடலை இயற்றியவர் யார், எங்கே பதிவானது என்பவை அடியோடு விடப்பட்டிருந்தன. இசைப் பயிற்சி ஏதுமின்றி, வேலை முடிந்து வந்து இரவில் சிறிது நேரம் பாட்டுக் கேட்கும் என்னைப் போன்றவர்களுக்கு வழிகாட்டுபவை அந்த விவரங்களே என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பட்டியலில் இருந்த, ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்து, பின்னர் கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமான நியூயார்க் 30ஆம் தெருக் கட்டடத்தில், 1959 மார்ச்சில் ஒரு நாளும் ஏப்ரலில் ஒரு நாளுமாக இது பதிவாயிற்று. டிரம்பெட் டேவிஸ், சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோ பில் எவன்ஸ், பேஸ் (தாழ்ந்த சுருதி தரும் பெரிய தந்திக் கருவி) பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப், ஒரே ஓர் உருப்படியில் மட்டும் பியானோவுக்கு வின்டன் கெல்லி. இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டவர் அடுத்து எதைக் கேட்பது என்று எவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆடர்லியின் வாசிப்பு பிடித்துப்போனால் 1958இல் அவர் பெயரில் வந்த 'சம்திங் எல்ஸ்' இருக்கிறது. அதில் டேவிஸ், ஆடர்லிக்குத் துணையாக வாசிக்கிறார். எவன்ஸ் பிடித்துப்போனால், வில்லேஜ் வேன்கார்ட் என்ற நியூயார்க் கிளப்பில், கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் பேச்சுக் குரல்களும் சேர்ந்தே பதிவான 'வால்ட்ஸ் ஃபார் டெபி' இருக்கிறது. 1961 ஜூன் 25 அன்று அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, பதினொரு நாள்களிலேயே, 25 வயதில் கார் விபத்தில் இறந்துபோனார். இதைப் படித்தபின் அந்த ஆல்பத்தில் பியானோவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது. காது தானாகவே பேஸைத் தேடிப் போகும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டு உறையின் பின்னட்டையில் எவன்ஸே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பதிவுக்குச் சில மணி நேரம் முன்புதான் டேவிஸ் உருப்படிகளின் வரைவுகளை உருவாக்கினார் என்றும், அவற்றை வைத்துக்கொண்டு குழு அங்கேயே மனோதர்மமாக வாசித்தது என்றும் அதில் தெரிகிறது. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இதற்குமேல் இசை இலக்கணம் எதற்கு?

இன்றைய கைபேசிச் செயலிகளில் இத்தகைய விவரங்கள் எளிதில் கண்ணில் படுவதில்லை. அட்டைப்படம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது, பின்னட்டையைக் காணோம், பழைய பதிவுக்குப் பக்கத்தில் மறுவெளியீட்டின் ஆண்டு நிற்கிறது. போதாததற்கு, மறுவெளியீடுகளில் அதே உருப்படியின் மாற்றுப் பதிவுகளையும் சேர்த்துவிடுவதால், அதே மெட்டு ஏன் மறுபடி வருகிறது என்று புதிதாகக் கேட்பவர் குழம்புகிறார். மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாவதற்கு முன் அங்கே பழைய இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு, தட்டில் கீறல் இருந்தாலும், படிப்பதற்கு ஓர் அட்டையாவது கிடைத்தது.

தங்கள் பட்டியல் 'டேக் ஃபைவ்' என்ற புகழ்பெற்ற உருப்படியை ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் இயற்றியதாகவே எண்ணத் தூண்டுகிறது. 1959இல் வெளியான அவருடைய 'டைம் அவுட்' ஆல்பத்தில் அது இருப்பது உண்மை. இயற்றியவர் அவர் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட். ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது என்பதால் கண்ட சாபு தாளம் தெரிந்த காதுக்கு அது அந்நியமே அல்ல. நாம் இரண்டும் மூன்றுமாகப் பிரிப்பதை அவர்கள் மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ராக் இசையில் இந்தப் பெயர் விடுபடல் இன்னும் பெரிய விஷயம். லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தை (1969) விரும்பிக் கேட்கும் இளைஞர்கள் பெரம்பூரிலும் உண்டு. அதிலுள்ள இரண்டு பாடல்களில் இயற்றியவராக வில்லி டிக்சன் பெயர் இருக்கிறது. சிகாகோவில் செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பேஸ் வாசித்து, மடி வாட்டர்ஸ், ஹவுலின் உல்ஃப் போன்ற புளூஸ் பாடகர்களுக்குப் பாடல்கள் எழுதிக் கொடுத்தவர் அவர். அதே ஆண்டில் வந்த இரண்டாம் ஆல்பத்தின் 'ஹோல் லாட்டா லவ்' பாடலிலோ அவர் பெயர் இல்லை. மடி வாட்டர்ஸுக்காகத் தாம் எழுதிய வரிகள் அதில் இருப்பதாக டிக்சன் 1985இல் வழக்குத் தொடர்ந்து, 1987இல் சமரசம் ஏற்பட்டு, அதன் பிறகே அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. டிக்சனைத் தெரிந்துகொண்ட ராக் ரசிகர் நேராக மடி வாட்டர்ஸின் 1960ஆம் ஆண்டு நியூபோர்ட் இசை விழா மேடைப் பதிவுக்குப் போய்ச் சேர்வார். புளூஸுக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து குறைவு. 1930களின் ராபர்ட் ஜான்சன் பதிவுகளைப் பட்டியல் முதலில் வைத்திருப்பது வரலாற்று வரிசைக்குச் சரி. கேட்கத் தொடங்குபவருக்குச் சரியல்ல. மூன்று நிமிட இசைத்தட்டுகளுக்காக ஒற்றைக் கிட்டாரோடு பாடப்பட்ட அவற்றை ஒரே மூச்சில் கேட்டால் அலுப்புத்தான் மிஞ்சும்.

கானாவை வடசென்னையின் புளூஸ் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது அவசரமான ஒப்பீடாகவே படுகிறது. சாவு வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்லி விடிய விடியப் பாடும் பாட்டும், மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களிலிருந்து சிகாகோவுக்குப் பிழைக்கப் போன கறுப்பின மக்களின் பாட்டும் வேறு வேறு தேவைகளில் பிறந்தவை. ஆனால் மெட்டு வெளியே போய்ப் பணமும் புகழும் ஈட்டும்போது முதலில் பாடியவர் பெயர் உதிர்ந்துவிடுவது இரண்டுக்கும் பொது என்பதை வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் எவரும் சொல்வார்கள்.

ஆகவே நூறு ஆல்பங்களை ஒரே பக்கத்தில் அடுக்குவதற்குப் பதிலாக, வாரம் ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, வாசித்தவர்கள், இயற்றியவர்கள், பதிவான இடம், ஆண்டு ஆகியவற்றோடு, மூல இசைத்தட்டில் முதல் பக்கம் எந்தப் பாடலோடு முடிந்தது என்பதையும் தமிழில் தரும் சிறு பத்தி ஒன்றைத் தாங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கால் பக்கம் போதும். தொடக்கத்துக்கு புளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்' ஏற்றது: 1964 நவம்பரில் சிகாகோ அரங்கு ஒன்றில் பதிவானது, ஏறத்தாழ 35 நிமிடங்களில் முடிந்துவிடும், எங்கே ரசிக்க வேண்டும் என்பதை அரங்கில் இருந்தவர்களின் ஆரவாரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை – 11