தொழில் கற்பிக்கப் பிறந்த கல்லூரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறன் பயிற்சி என்றாலே அது அண்மையில் தோன்றிய ஏற்பாடு என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி 175 ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்த வேளையில், அது ஓவியர்களை உருவாக்குவதற்காக மட்டும் தொடங்கப்பட்டதல்ல என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தமது சொந்த முயற்சியில் இங்கே ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே அதனுடன் ஒரு தொழிற்பள்ளியும் சேர்ந்தது. வரைபடப் பயிற்சியோடு மண்பாண்டம், செங்கல், ஓடு ஆகியவற்றின் செய்முறையும் கற்பிக்கப்பட்ட அந்த நிறுவனத்தை 1855-இல் அரசு ஏற்றுக்கொண்டது.

அதன் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது, இன்று கிண்டியில் உள்ள பொறியியல் கல்லூரியின் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் இப்பள்ளியின் பட்டறையில் மேற்கொண்ட அலுமினியப் பாத்திர முயற்சிதான். பித்தளையிலும் செம்பிலும் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருந்த கன்னார்களின் கைத்திறனையே அவர் முதலீடாகக் கொண்டார். அவர்கள் அறிந்த அதே சுத்தியல் வேலையைக் கொண்டு புதிய உலோகத்தில் பாத்திரம் செய்து, அதைச் சந்தையில் விற்றும் காட்டினார். முயற்சி வேரூன்றியதும் அத்தொழில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. கற்பித்தல், ஆய்வு, உற்பத்தி, விற்பனை ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் நடந்த இத்தகைய பட்டறையைத்தான் நமது தொழிற்பயிற்சி நிலையங்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்பது, பல ஆண்டுகள் கடைசல் பிரிவில் பயிற்றுவித்த எனது உறுதியான கருத்து. விலைபோகும் பொருளைச் செய்யும்போது மாணவனின் கையில் வரும் கவனம், செய்து பார்த்தபின் கழிவாகப் போகும் பயிற்சித் துண்டில் வருவதில்லை.

மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை இக்கல்லூரியை வழிநடத்தியவர். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில், இங்கே பயின்ற ஓவியர்கள் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று வந்த வருவாயே அவர்களுக்குக் கைகொடுத்தது. ஓவியத்துக்கே கைத்தொழில் சோறு போட்ட வரலாறு இது.

இன்றும் எழும்பூர்க் கல்லூரியில் சுடுமண் கலைக்கும் துணி வடிவமைப்புக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன. விடுமுறைக் காலங்களில் அப்பட்டறைகளை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும், குயவர், நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். அவர்கள் செய்யும் பொருள்களைப் பூம்புகார் விற்பனை நிலையங்களில் வைக்கவும், விற்ற தொகையில் ஒரு பங்கைச் செய்தவருக்கே அளிக்கவும் அரசு ஆணையிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
அம்பத்தூர், சென்னை.