கழுவும் அறை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு ஆய்வகப் பெஞ்சை விட்டு இறங்குகிற இரண்டு பேர் சேர்ந்து எழுதும் மடல் இது. ஒருவர், புரதத்தை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லும், திரவத்தில் கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி இயந்திரமும் பார்த்தவர். மற்றவர், மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பார்த்தவர். பாலக்காட்டுக் கணவாயில், கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாறுக்கும் நடுவில் ஒரு கூடம். மருந்தாகப் போகிற புரதம் எவ்வளவு இருக்கிறது, உடையாமல் இருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. திரண்ட புரதம் ஊசி வழியாக உள்ளே போனால், உடம்பு அந்த மருந்தையே அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். அப்புறம் அந்த நோயாளிக்கு அந்த மருந்து பலிக்காமலே போகலாம்.

அறிக்கையில் இருப்பது எங்கள் கையெழுத்து. அந்த எண் சரியாக வரக் காரணமான பலருடைய பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. 'அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்தால் நீங்கள் செய்தது என்னவென்று உங்கள் வீட்டாருக்குக்கூடத் தெரியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

கழுவும் அறை அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. புரதம் இருந்த பீக்கரைக் காயவிட்டால் கண்ணாடிச் சுவரில் ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தேய்த்தாலும் முழுசாகப் போகாது, அடுத்த மாதிரியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நீங்கள் சாப்பிடப் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுத்தான் போவீர்கள். மாஸ் ஸ்பெக் கண்ணாடிக்கு நீல டேப் ஒட்டிய தனி ரேக், அதில் சோப்பு படவே கூடாது. ஆய்வகச் சோப்புகள் பலவற்றில் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி உண்டு. துளி மிஞ்சினாலும் ஸ்பெக்ட்ரத்தில் 44 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) ஒன்றாகச் சீப்புப் பல் மாதிரி சிகரங்கள் எழுந்து, நாங்கள் தேடும் பெப்டைடை, அதாவது புரதத் துண்டை, மூடிவிடும். மெத்தனாலில் ஒரு அலசல், சுத்தத் தண்ணீரில் மூன்று அலசல், துணி போடாமல் கவிழ்த்துக் காயவைப்பது. இதை ஒரு நாளும் குறைத்துச் செய்ததில்லை நீங்கள்.

விளக்குமாறு எடுக்காமல் ஈரத் துணியால் மட்டும் தரை துடைத்ததற்கும் சேர்த்து நன்றி. மார்கழி, தையில் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்றைப் பற்றிப் பாலக்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூசியில் தோல் துகளும் முடியும் கம்பளி இழையும் கலந்திருக்கும். எல்லாமே கெரட்டின் என்ற புரதம். மாதிரியில் கந்தகப் பிணைப்பை அவிழ்க்க டிடிடி போட்டு 56 டிகிரியில் 30 நிமிடம், அது மறுபடி சேராமல் இருக்க அயோடோஅசிடமைடு போட்டு இருட்டில் 30 நிமிடம், பிறகு புரதத்தின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு டிரிப்சின் என்ற வெட்டும் நொதி சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்க வைப்போம். டிரிப்சின், லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்கு அடுத்து வெட்டும். மருந்துப் புரதம், மனுஷத் தோல் என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. மூடி திறந்த நேரத்தில் ஒரு துகள் விழுந்திருந்தால் போதும், காலையில் கண்டெடுத்த புரதங்களின் பட்டியல் உச்சியில் கெரட்டின் நிற்கும், மாதிரி வீண். யூரியா கலந்த மாதிரியாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 37 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் புரதத்தில் கார்பமைல் என்ற துணுக்கு ஏறி, 43 டால்டன் கூடிப்போகும். இன்குபேட்டரின் எண்ணைப் போகும்போதும் வரும்போதும் பார்த்து, 'இன்னைக்கு 39 காட்டுதுங்க' என்று வந்து சொன்னவரும் நீங்கள்தான். அது உங்கள் வேலையே இல்லை, அக்கா.

தண்ணீர் பிளாண்ட் அண்ணனுக்கு. லட்சக்கணக்கில் விலை போட்ட இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எங்கள் துறையின் பெரிய குறை அது. இந்தக் கிழக்குப் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். அந்தக் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு போடுவது ஒரு தடவை தவறினால் கால்சியம் நேராக ஆர்ஓ சவ்வில் போய்ப் படியும். கடைசியில் எங்களுக்கு வேண்டியது, தூய்மையைக் காட்டும் மின்தடை எண் 25 டிகிரியில் 18.2 மெகாஓம் செண்டிமீட்டர். அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு சீக்கிரமே எண் இறங்கும். அதனால் அப்போதைக்கு அப்போது பிடிக்க வேண்டும், குழாயில் தேங்கியதைக் கீழே விட்ட பிறகு பிடிக்க வேண்டும். நீங்கள் சாஃப்ட்னரின் கணக்கை நோட்டில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தீர்கள். எச்பிஎல்சியில் அடித்தளக் கோடு ஆடினால் நாங்கள் முதலில் போய்ப் புரட்டியது அந்த நோட்டைத்தான்.

பஃபர், அதாவது பிஎச்சை (அமில, கார அளவை) நிலையாக வைக்கும் கரைசல், கலக்கும் தங்கச்சிக்கு. டிரிஸ் பஃபரின் பிஎச் சூட்டுக்கு ஏற்ப நகரும், ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.03 இறங்கும். பங்குனி, சித்திரையில் ஏசி நின்று அறை 35 ஆகிவிட்டால், 25 டிகிரியில் 8.8 என்று வைத்த பஃபர் 8.5 ஆகியிருக்கும். மீட்டரை நம்பி அதில் காரம் ஊற்றினால் அறை குளிர்ந்ததும் பஃபர் 9ஐத் தாண்டும், ஜெல்லில் பட்டை எல்லாம் இடம் மாறும். பாட்டில் லேபிளில் தேதியோடு எத்தனை டிகிரியில் வைத்தது என்றும் எழுதும் பழக்கம் நீ கொண்டுவந்தது. எஸ்இசி குழலுக்கு (புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எச்பிஎல்சி குழல்) போகும் பாஸ்பேட் பஃபரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் இழுத்து, மூன்றாம் நாள் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிடுவாய். கொட்டாவிட்டால் பாக்டீரியா வளரும், குழலின் வாயிலுள்ள ஃப்ரிட் என்ற சிறு வடிகட்டி அடைக்கும், அழுத்தம் ஏறும், நாங்கள் குழலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஸ்டோர் பார்க்கும் சேச்சிக்கு. ஜெல்லை உறையவைக்கும் அம்மோனியம் பெர்சல்பேட் ஈரம் இழுத்தால் வீரியம் போய்விடும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பெரிய டப்பா வாங்காமல் 25 கிராம் டப்பாவாகப் பிரித்து வாங்கி, சிலிகா ஜெல்லோடு வைத்தீர்கள். 12 சதவீத ஜெல்லுக்கு எங்கள் கணக்கு 10 மில்லிக்கு, மில்லிக் கணக்கில், இது: தண்ணீர் 3.3, 30 சதவீத அக்ரிலமைடு 4, ஒன்றரை மோலார் டிரிஸ் 2.5, 10 சதவீத எஸ்டிஎஸ் 0.1, 10 சதவீத பெர்சல்பேட் 0.1, உறைவை வேகப்படுத்தும் டெமெட் மட்டும் 4 மைக்ரோலிட்டர். அரை மணியில் உறைய வேண்டும். உறையாவிட்டால் பத்தில் எட்டுத் தடவை பெர்சல்பேட் பழசு என்பதே எங்கள் அனுபவம். உங்கள் டப்பா அந்தச் சிக்கல் தந்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து உலர்பனியில் வைத்து மாதிரி கொண்டுவந்த வண்டிக்காரத் தம்பிக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். உலர்பனி என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி. உருகாது, நேராக வாயுவாகும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். அதனால் பெட்டியைக் காற்றுப் போகாமல் ஒட்டக் கூடாது, வெடிக்கும். ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டவும் கூடாது, மூச்சுத் திணறும். தெர்மோகோல் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 முதல் 5 கிலோ வரை கரைந்துபோகும். வாளையாறில் வண்டிகள் வரிசை கட்டி நின்ற நாள்களில் நீ வழியில் இருந்தே போன் போட்டு, 'சார், பாதிதான் இருக்கும் போல' என்று சொல்லிவிடுவாய். நாங்கள் இந்தப் பக்கம் பனியோடு காத்திருப்போம்.

அந்தப் போன் ஏன் அவ்வளவு பெரிசு என்றால், மாதிரி பாதியில் உருகி மறுபடி உறைந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோடியம் பாஸ்பேட் பஃபர் மெதுவாக உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகப் பிரியும். மிச்சத் திரவத்தின் பிஎச் 7லிருந்து 4க்குப் பக்கம் வரை விழலாம். புரதம் அந்த அமிலத்தில் கிடந்து திரளும். உலர்பனியின் வாயு மூடி தளர்ந்த குழாய்க்குள் புகுந்தாலும் பிஎச் இறங்கும். ஆகவே வந்த மாதிரியை உடனே உருக்காமல், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்து வாயு போக நேரம் கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். வழியில் உருகியதை மறைத்திருந்தால், திரளின் பழி மருந்து செய்தவர்கள் தலையில் விழுந்திருக்கும். நீ மறைக்கவில்லை, தம்பி.

கரண்ட் பார்க்கும் சேட்டனுக்கு: கண்டென்சர் வலையில் காற்று கொண்டுவந்து அடைக்கிற தூசியை மாதம் தவறாமல் எடுத்தீர்கள். அது அடைத்தால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடிச் சீக்கிரம் சாகும். மின்சாரம் போன ராத்திரிகளில் ஃப்ரீசர் கதவை யாரும் திறக்காதபடி டேப் ஒட்டி, ஜெனரேட்டர் ஏறும்வரை பக்கத்தில் நின்றீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் மூடியே இருந்தால் மணிக்கணக்கில் குளிர் தாங்கும். பதறி ஒரு தடவை திறந்து பார்ப்பதுதான் கெடுதல்.

தர உறுதிப் பிரிவு சாருக்கும் நன்றி. தப்பாக எழுதியதை ஒரே கோடு போட்டு, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் காரணமும் கையெழுத்தும் தேதியும் கேட்டீர்கள். ஒரு சிகரத்தின் பரப்பைக் கையால் திருத்தினால் ஏன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். அப்போது எங்களுக்குக் கோபம் வந்தது நிஜம். நீங்கள் கேட்டது சரி.

எங்கள் இருவருக்கும் தமிழ் வழியில் வேதியியல் சொல்லித்தந்த டீச்சருக்கு. பெப்டைடு பிணைப்பு தட்டையாக நிற்கும், அதன் இரு பக்கமும்தான் சுழலும் என்பதைத் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக் காட்டினீர்கள். எர்ணாகுளத்தில் 1922ல் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் சக ஆய்வாளர்களோடு 1963ல் வெளியிட்ட வரைபடம் அந்தச் சுழற்சிக் கோணங்களைப் பற்றியதுதான். இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தை யார் கண்டுபிடித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு வால்வு டியூப் ஞாபகம் வரும்.

இனிப் பெஞ்சுக்கு வரும் பிள்ளைகளுக்கு: எஸ்இசி குழலைத் தண்ணீரால் கழுவி உப்பு போன பிறகே 20 சதவீத எத்தனாலில் மூடியிருக்கிறோம். அந்த எத்தனால் கலவை தண்ணீரைவிடக் கெட்டியாக ஓடும், அதனால் எடுக்கும்போது ஓட்டத்தைப் பாதியாக்கி, அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு ஏற்றுங்கள். எங்கள் பைப்பெட்டுகள் இடது பக்க ஸ்டாண்டில் இருக்கின்றன. 1000 மைக்ரோலிட்டர் பைப்பெட்டைப் போன வாரம் பத்துத் தடவை எடைபோட்டோம். 25 டிகிரியில் தராசு சுமார் 0.996 கிராம் காட்ட வேண்டும், 8 மில்லிகிராமுக்கு மேல் விலகினால் பயன்படுத்த வேண்டாம். எடைபோட்ட தாள் ஸ்டாண்டின் அடியில் மடித்து வைத்திருக்கிறது.

மிகுந்த நன்றியுடன்,
புரதப் பகுப்பாய்வுப் பெஞ்சிலிருந்து இருவர்