சுண்ணாம்புக் கட்டடத்துக்கு கான்கிரீட் கணக்கில் காப்பீடா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் நெருங்கினால் சென்னை ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்கள் பற்றிப் பேச்சு எழும். எது இடிந்து விழும், எதை இடிக்க வேண்டும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. புயலிலோ தீயிலோ சேதமானால், இருந்தபடியே எடுத்துக் கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பூர்வீக வீடு அங்கே முத்தியால்பேட்டையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மாடித் தளத்தின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மெட்ராஸ் டெரஸ் அது. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய தளம். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர நுனியில்தான் ஈரம் ஏறும், அங்கேதான் விட்டது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர், கட்டடத்தின் வயதைச் சொல்லித் தேய்மானம் கழித்தார். மிச்சத்துக்கும் கான்கிரீட் தளத்தின் ரேட்டைப் போட்டார். அந்தத் தொகையில் தேக்கு வாங்குவதா, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுப்பதா?

சந்தை மதிப்பில் எடுத்த பாலிசி இப்படித்தான் வேலை செய்யும். நூறாண்டு தாண்டிய கட்டடத்துக்கு அது காப்பீடே இல்லை. திரும்பக் கட்டும் செலவைக் கணக்கிட்டு எடுத்தால் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தால் அங்கேயும் அடிதான். கட்ட ஒரு கோடி ஆகும் கட்டடத்தை 25 லட்சத்துக்குக் காப்பீடு செய்து 20 லட்சத்துக்குச் சேதமானால், வழக்கமான தீக் காப்பீட்டில் கைக்கு வருவது 5 லட்சம்; கால் பங்குக்குத்தான் காப்பீடு என்பதால் சேதத்திலும் கால் பங்குதான். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் இந்த வெட்டு இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அது வீடுகளுக்கு மட்டும். கீழே பேப்பர் குடோன், மேலே குடித்தனம் என்றிருக்கும் கட்டடம் முழுவதற்கும் அது பொருந்தாது. சத்திரங்களுக்கும் அறக்கட்டளை நூலகங்களுக்கும் அப்படியே.

அப்புறம், பங்காளி வழக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள். 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், முன்கூட்டி ஒப்புதல் வாங்காதவரை தீக் காப்பீடு செல்லாமல் போகலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

2000இல் தீப்பற்றிய ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. (தலைமை அஞ்சலகம்) சீர்செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. 1985இல் எரிந்த, சென்ட்ரல் பக்கத்துப் பழைய சந்தையான மூர் மார்க்கெட் போயே போய்விட்டது. எரிந்த கட்டடத்தைத் திரும்ப எழுப்ப மனமும் பணமும் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசுக் கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், தம்பு செட்டித் தெருவில் ஒரு தனி வீட்டுக்காரர் என்ன செய்வார்?

பாரம்பரியப் பட்டியலில் ஒரு கட்டடத்தைச் சேர்த்தால் உரிமையாளர் நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது. சரி, அது நியாயம். அப்படியானால் அதைக் காக்கும் செலவிலும் அரசு கைகொடுக்க வேண்டாமா? பட்டியலில் உள்ள தனியார், அறக்கட்டளைக் கட்டடங்களுக்கென்று ஒரு குழுக் காப்பீட்டை அரசும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவர வேண்டும். அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தானே இருக்கிறது. சுண்ணாம்பு, தேக்கு, கைவேலைக் கூலி எல்லாம் சேர்த்து மதிப்புப் போடத் தெரிந்த பொறியாளர்களைக் கொண்டு அளவு வரைபடமும் மதிப்பீடும் தயாரிக்கும் செலவைப் பாரம்பரிய ஆணையம் ஏற்க வேண்டும். 2012இலேயே அந்த ஆணையத்துக்கான சட்டம் இயற்றியாகிவிட்டது.

அதுவரை வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். உத்தரம், தூண், கதவு, தளம் எல்லாவற்றையும் அளவோடு படமெடுத்து, பிரதியை வேறு ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிடுங்கள். இருந்தது இன்னதென்று காட்ட முடியாவிட்டால், எந்தப் பாலிசியும் அதைத் திரும்பக் கட்டப் பணம் தராது.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகர்,
சென்னை – 1