டைனமோ சுற்றிக் கேட்டதும் பாட்டுத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் ஒலிச்சாதனக் கட்டுரையில் ஒரு வரி: "நல்ல சிஸ்டத்தில் கேட்காதவர் இசையைக் கேட்டதாகவே சொல்ல முடியாது." வன்னியில் விற்கிற பத்திரிகையில் இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இங்கே பற்றரிக்குத் தடை இருந்தது நீங்கள் அறியாததல்ல. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். சுற்றுகிறவனின் கை ஓய்ந்தால் பாடுகிறவரின் குரல் கம்மிப் போகும். அடுத்தவன் ஓடிப்போய்ப் பெடலைப் பிடிப்பான். நாங்கள் கேட்டது பாட்டில்லையா?

நான் பரந்தன் பக்கம் றேடியோ, அம்பிளிபயர் திருத்திப் பிழைப்பவன். நல்ல ஸ்பீக்கருக்குக் காசு கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஸ்பீக்கர் மாறினால் சத்தம் மாறும், அறை மாறினாலும் மாறும். ஆனால் கட்டுரையாளர் இலட்சக்கணக்கில் விலை சொல்லி மெச்சியது ஸ்பீக்கர் வயரை. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 5 மீற்றருக்கு இழுத்தால், போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்து மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட வராத இந்த வித்தியாசத்தை எந்தக் காது பிடிக்கும்? வயரை விடுங்கள், பதிவின் தரத்தையே காதால் பிரிப்பது கடினம். 2007 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், உயர்தரப் பதிவை அப்படியேயும் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எது ஓடுகிறதென்று சொல்லாமல் விட்டதும், வழமையான சத்தத்தில் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலுக்கும் வெளிநாட்டுக் காசில் ஆளுயரப் பெட்டிகள் வந்தன. அதே திருவிழாவில் நாதஸ்வரக்காரரை வாசலில் நிற்க வைத்துச் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்கள். தவில்காரர் பஸ் காசையாவது தாருங்கள் என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் மாற்றலாகிப் போனபின் இன்னும் ஆள் வரவில்லை. சுருதிப்பெட்டி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. இவற்றையெல்லாம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை, இடம் இல்லாமல் போயிருக்கலாம். வயருக்கு முழுப்பக்கம் கிடைத்ததைப் பார்த்தபோதுதான் மனம் நொந்தது.

உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு ஒரு பொடியன் கடைக்கு வந்து, இந்த வயர் எங்கே எடுக்கலாம் அண்ணை என்று கேட்டான். தமக்கை கனடாவில் வேலை செய்து அனுப்பிய காசு கையில். பத்திரிகையில் வந்தால் எங்கள் சனம் நம்பும்.

கட்டுரையில் வந்த கடையின் விளம்பரம் அதே பக்கத்தின் அடியிலும் இருந்தது. காசு வாங்கிப் போட்டதென்றால் மேலே 'விளம்பரம்' என்று போடுங்கள். இல்லையென்றால் நான் எழுதிய மின்தடைக் கணக்கையாவது வரும் ஞாயிறு பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
றேடியோ திருத்துநர்,
பரந்தன்.